காற்றுக்குத் தீட்டு ஏது?

சபாவில் கச்சேரி கேட்கச் சீட்டு வேண்டும். சீட்டுக்குக் காசு வேண்டும். வானொலிக்கு இவை வேண்டியதில்லை. 1938 இல் சென்னையிலும் 1939 இல் திருச்சியிலும் நிலையங்கள் தோன்றியபின், கடலூர்த் துறைமுகத்தில் மூட்டை தூக்குபவனும் சிதம்பரத்து வயலில் ஏர் பிடிப்பவனும், பெட்டி ஒன்று அருகே இருந்தால், கச்சேரி கேட்க வழி பிறந்தது.

ஆனால் கேட்டது என்ன? தெலுங்குக் கீர்த்தனையும் வடமொழிச் சுலோகமும்! தமிழுக்கோ கச்சேரி முடிவில் துக்கடா என்று ஓர் ஓரம்! ஓசை காதில் விழுந்தது; பொருள் நெஞ்சில் விழவில்லை.

இந்த நிலையை மாற்றப் பாடியவர்களில் முன்வரிசையில் நின்றவர் இசையரசு எம்.எம். தண்டபாணி தேசிகர். 1908 இல் திருச்செங்காட்டங்குடியில் பிறந்தார். தேவாரம் பாடும் ஓதுவார் குடும்பம். வயலின் மேதை கும்பகோணம் இராசமாணிக்கம் பிள்ளையிடம் பயின்றார். கணீரென்ற குரல், சொல் சிதையாத பாட்டு. பட்டினத்தாராகத் திரையில் தோன்றினார். 1942 இல் ஜெமினியின் நந்தனார் படத்தில், தில்லை வாசலுக்கு ஏங்கி நின்ற நந்தனாக நடித்தார்.

இதற்கிடையே 1941 இல் சிதம்பரம் அண்ணாமலைநகரில் இராசா சர் அண்ணாமலைச் செட்டியார் தமிழிசை மாநாட்டைக் கூட்டினார். 1943 இல் சென்னையில் தமிழிசைச் சங்கம் எழுந்தது. மேடையிலும் வானொலியிலும் தமிழுக்கு இடம் எங்கே என்ற கேள்வி நாடெங்கும் எழுந்தது.

விடை 1946 இல் திருவையாற்றில் கிடைத்தது! தியாகராசர் விழாவில் தேசிகர் தமிழ்ப்பாட்டுப் பாடினார். மேடை தீட்டாகிவிட்டதாம்! நந்தனாக நடித்தவரை நான்கே ஆண்டுகளில் நந்தனாகவே ஆக்கிவிட்டார்கள். அந்தக் கொடுமையைச் சாடிக் குடி அரசு ஏட்டில் எழுதினார் கலைஞர்.

தேசிகர் பக்தர், நாமோ பகுத்தறிவுப் பாதையினர். அவர் பாடிய புராணத்தில் நமக்கு உடன்பாடில்லை. எனினும் அவர் பாடியது நம் மொழி. அவர் சுமந்தது நமக்கு வரவேண்டிய இழிவு. பாவேந்தரின் பாட்டுக்குத் தேஷ் இராகத்தில் அவர் தந்த மெட்டு, 1951 இல் அண்ணாவின் ஓர் இரவு படத்தின் வழியே ஊரெல்லாம் ஒலித்ததை மறக்க முடியுமா?

பின்னர் அண்ணாமலைப் பல்கலைக்கழக இசைத்துறையின் தலைவராக இருந்து மாணவர்களை உருவாக்கினார். 1972 இல் மறைந்தார்.

மேடையைக் கழுவலாம், காற்றைக் கழுவ முடியுமா? வானொலியில் எழுந்த தமிழ்ப்பாட்டு, தீட்டுப் பார்த்தவர் வீட்டுக் கூடத்திலும் ஒலித்தது, சேரியிலும் ஒலித்தது. இன்று கச்சேரி கைப்பேசிக்குள்ளேயே வந்துவிட்டது. ஆயினும் எத்தனை மேடைகளில் தமிழ் இன்னும் துக்கடாவாகவே நிற்கிறது! தமிழ்ப்பாட்டைக் கச்சேரியின் நடுவில் வையுங்கள், விரிவாகப் பாடுங்கள். இசையரசுக்கு நாம் கேட்கும் மரியாதை இதுதான்.