ஏவலராய் இருந்த சிற்பி

பெர்லின் மாநகரின் மேற்குப் பகுதியில் சார்லட்டன்பர்க் அரண்மனை உள்ளது. அதன் பூங்காவில், மரங்களுக்கிடையே, ஒரு சிறு நினைவு மண்டபத்தைக் காணலாம். பிரஷ்ய நாட்டின் அரசியாய் விளங்கிய லூயிசா அங்கே சலவைக்கல் வடிவில், கண் அயர்ந்தாற்போல் பள்ளிகொண்டிருக்கிறார். மெல்லிய ஆடையின் மடிப்புகளும் முகத்தின் அமைதியும் கல் என்பதையே மறக்கச் செய்கின்றன. அவ்வுருவைச் செதுக்கியவர் ஒரு காலத்தில் அவ்வரசியிடமே ஏவலராய்ப் பணிபுரிந்தவர் என்பதை அறியும்போது வியப்பு மேலிடுகிறது. அவர்தாம் கிறிஸ்டியன் டேனியல் ரௌக்.

ரௌக் 1777 ஆம் ஆண்டு ஜனவரித் திங்கள் 2 ஆம் நாள், ஜெர்மனியின் சிற்றரசுகளுள் ஒன்றான வால்டெக்கின் தலைநகர் அரோல்சனில் பிறந்தார். தந்தையார் அச்சிற்றரசரின் அரண்மனைப் பணியாளர். செல்வம் இல்லாத குடும்பம். ஆயினும் சிறுவனின் கைத்திறனைக் கண்ட பெற்றோர் அவனை ஒரு சிற்பியிடம் தொழில் பயில விடுத்தனர். பின்னர் காஸல் நகரில் ரூல் என்னும் சிற்பியிடம் பயிற்சி தொடர்ந்தது. அந்நிலையில் தந்தையார் மறைந்தார். பிரஷ்ய அரண்மனையில் பணியாற்றி வந்த தமையனாரும் 1797 இல் காலமானார். குடும்பத்தைத் தாங்கும் பொறுப்பு இருபது வயது இளைஞர்மீது விழுந்தது. உளியை ஒதுக்கி வைத்துவிட்டு, ரௌக் பிரஷ்ய அரண்மனையில் ஏவலராய் அமர்ந்தார்.

வயிற்றுப்பாட்டிற்காக ஏற்ற வேலை கலையை விழுங்கிவிடுவது உலகில் அரிதன்று. ரௌக்கோ ஏவலுக்குக் காத்திருக்கும் வேளையிலும் வரைந்தார். ஓய்வு கிடைத்தபோதெல்லாம் பெர்லின் கலைக்கழகத்தை நாடினார். அங்கே தலைசிறந்த சிற்பியாய் விளங்கியவர் ஷாடோ. அவருடைய வழிகாட்டல் இளைஞருக்குக் கிட்டியது. இவ்வாறு ஏறத்தாழ ஏழாண்டுகள் கழிந்தன. 1804 இல் அரண்மனை அவரைப் பணியினின்று விடுவித்து, உதவித்தொகையும் அளித்து, இத்தாலிக்குச் செல்ல இசைந்தது. ஓர் ஏவலரை இழந்து நாடு ஒரு சிற்பியைப் பெற்றது.

உரோமாபுரியில் அவருக்கு ஒரு புதிய உலகம் திறந்தது. பண்டைய கிரேக்க, உரோமானியச் சிற்பங்களைக் கண்ணாரக் கண்டு பயின்றார். அங்குப் பிரஷ்யத் தூதராய் இருந்த பேரறிஞர் வில்ஹெல்ம் ஹம்போல்ட் அவரைத் தம் இல்லத்தாருள் ஒருவர்போல் ஆதரித்தார். டென்மார்க் நாட்டுச் சிற்பி தோர்வால்ட்சன் நண்பரானார்.

இதற்கிடையே நெப்போலியனின் படைகளிடம் பிரஷ்யா 1806 இல் தோற்று நிலைகுலைந்தது. மறு ஆண்டு அரசி லூயிசா தம் நாட்டிற்காக நெப்போலியனை நேரில் கண்டு மன்றாடியும் பயன் விளையவில்லை. 1810 ஜூலை 19 ஆம் நாள், 34 வயதிலேயே அவர் மறைந்தார். தோல்வியால் துவண்டிருந்த நாடு தன் தாயையே இழந்ததுபோல் அழுதது. கல்லறைச் சிற்பத்தை யாரிடம் ஒப்படைப்பது என்ற கேள்வி எழுந்தபோது, இத்தாலியின் கனோவா, நண்பர் தோர்வால்ட்சன் ஆகியோர் பெயர்களும் எண்ணப்பட்டன. ஹம்போல்ட் ரௌக்கிற்காகப் பரிந்துரைத்தார். பணி ரௌக்கிடமே வந்தது.

உலகம் ஓவியங்களில் மட்டும் கண்ட அரசியை அவர் அன்றாட வாழ்வில் கண்டவர். அந்நினைவும் உரோமாபுரியில் பெற்ற கலைப்பயிற்சியும் ஒன்றுகூடின. சிற்பம் இத்தாலியிலேயே நிறைவுற்றது. அதை ஏற்றி வந்த கப்பலை, அப்போது இங்கிலாந்துடன் போரிட்டுக்கொண்டிருந்த அமெரிக்கர் நடுக்கடலில் கைப்பற்றினர். ஆங்கிலக் கப்பலொன்று அதனை மீட்டது. இவ்விடர்களைக் கடந்து 1815 இல் அது மண்டபத்தை அடைந்தது. ரௌக்கின் பெயர் ஜெர்மனி எங்கும் பரவியது.

அதன்பின் பணிகள் பெருகின. 1819 முதல் பெர்லினில் அவர் நடத்திய சிற்பக்கூடம் ஒரு கலைப்பள்ளியாகவே திகழ்ந்தது. 1820 இல் கவிஞர் கதேயின் மார்பளவுச் சிலையை வடித்தார். தளபதி புளூஹர், நியூரம்பர்க் ஓவியர் டியூரர் முதலியோர் வெண்கலத்தில் எழுந்தனர். ஜெர்மன் மொழியில் ரௌக் என்னும் சொல்லுக்குப் புகை என்று பொருள். மாணவரின் ஏற்றத்தைக் கண்ட முதியவர் ஷாடோ, தம் புகழ் புகையாய்ப் போயிற்று என்று சொல்லி நகைத்தாராம். அந்நகைப்பில் சிறிது வருத்தமும் இருந்திருக்கலாம். ஆயினும் பெருந்தன்மையும் இருந்தது.

அவருடைய தலையாய படைப்பு, பெர்லின் பெருவீதியில் உள்ள மாமன்னர் பிரெடெரிக்கின் குதிரைச் சிலை. 1840 இல் அடிக்கல் நாட்டப்பெற்று, 1851 மே 31 அன்று திறக்கப்பெற்றது. அப்போது சிற்பிக்கு வயது 74. பீடத்தோடு சேர்த்து அதன் உயரம் ஏறத்தாழ 13 மீட்டர்; பீடத்தைச் சுற்றிப் படைத்தலைவர்கள் நிற்கின்றனர். பின்புறத்திலோ தத்துவஞானி காண்டும் எழுத்தாளர் லெஸ்ஸிங்கும் உரையாடி நிற்கின்றனர். இரண்டாம் உலகப்போரின்போது சிலையைச் சுவரெழுப்பிக் காத்தனர். 1950 இல் அது பெருவீதியினின்று அகற்றப்பட்டது. 1980 இல் மீண்டும் அவ்வீதிக்கே வந்தது.

வைமார் நகருக்குக் கதே, ஷில்லர் இருவரின் சிலையை வடிக்கும் வாய்ப்பும் ரௌக்கை நாடி வந்தது. அவர் பண்டைய உடையில் கவிஞர்களை அமைக்க விழைந்தார். வெண்கலம் வழங்க முன்வந்த பவேரிய மன்னரோ அக்கால உடையே வேண்டுமென்றார். ரௌக் தம் கொள்கையையும் விடவில்லை, பணியையும் முடக்கவில்லை. அப்பொறுப்பு அவர்தம் மாணவர் ரீட்ஷெலுக்குச் சென்றது. ரீட்ஷெலும் வறிய குடும்பத்தில் பிறந்தவரே. 1857 செப்டம்பரில் அச்சிலை திறக்கப்பெற்றது. அதே ஆண்டு டிசம்பர் 3 ஆம் நாள் டிரெஸ்டன் நகரில் ரௌக் இயற்கை எய்தினார்.

பிழைப்பிற்காக ஏற்ற பணியில் ரௌக் குறை வைக்கவில்லை. அதற்காகத் தம் கலையைக் கைவிடவுமில்லை. அவருக்குக் கதவைத் திறந்துவிடப் பிறர் இருந்தனர். தமக்குப் பின் வந்தவர்க்கு அவரும் கதவைத் திறந்துவிட்டார். அலுவலின் பொருட்டு ஊர் விட்டு ஊர் வந்து வாழும் நம் இல்லங்களிலும், மாலையில் வீணையையோ தூரிகையையோ எடுக்கும் கைகள் உண்டு. அக்கைகளுக்கு ஒரு மணி நேர ஓய்வைத் தேடித் தருவது நம் கடமையன்றோ!