ரயில் பாட்டு முதல் சட்டமேலவை வரை: யார் இந்த கே.பி.சுந்தராம்பாள்?

தைப்பூச சமயத்துல திண்டுக்கல்லில் இருந்து ஒட்டன்சத்திரம் வழியா பழநிக்கு நடந்து போறவங்களுக்கு ஸ்பீக்கர்களில் கேட்கும் ஒரு குரல் நல்லாவே தெரியும். மைக் இல்லாத காலத்து நாடக மேடையில், கடைசி வரிசை வரை கேட்கப் பாடிப் பழகிய குரல் அது.

ரயிலில் பாடிய சிறுமி

1908-ல் கொடுமுடியில் பிறந்தவர் கே.பி.சுந்தராம்பாள். வறுமையால் ரயிலில் பாடிக் காசு சேர்த்தவர், பிறகு வேலு நாயர் நாடகக் கம்பெனியில் சேர்ந்தார். 1926-ல் இலங்கைக்கு நாடகம் போடப் போனார். அங்கே பிரபல பாடகர் எஸ்.ஜி.கிட்டப்பாவுடன் அமைந்த மேடை ஜோடி, பிறகு வாழ்க்கையிலும் ஜோடியானது.

25 வயதில் திருப்பம்

1933-ல் கிட்டப்பா இறந்தார். வெள்ளைப் புடவைக்கு மாறிய சுந்தராம்பாள், இனி எந்த ஆணுக்கும் ஜோடியா நடிப்பதில்லைன்னு முடிவெடுத்தார். ஒரு ஹீரோயினுக்கு இதோட கரியரே முடிஞ்சிருக்கணும். நடந்தது வேற.

1935-ல் 'பக்த நந்தனார்' படத்துக்கு அவர் வாங்கிய சம்பளம் 1 லட்சம் ரூபாய். ஏற்ற வேடம், ஆணான நந்தனார்! 'ஔவையார்' (1953) படத்தில் ஔவை, 'பூம்புகார்' (1964) படத்தில் கவுந்தியடிகள் என, காதல் காட்சியே தேவைப்படாத பாத்திரங்களில் உச்சம் தொட்டார். 'திருவிளையாடல்' (1965) படத்தில் மாம்பழத்துக்காகக் கோபித்த முருகனை சமாதானம் செய்யும் ஔவையும் இவர்தான்.

அரசியலில்?

காங்கிரஸ் மேடைகளில் பாடியவர், 1951-ல் சென்னை சட்டமேலவை உறுப்பினரானார். சட்டமன்றத்துக்குள் நுழைந்த முதல் இந்திய சினிமா கலைஞர் இவர்தான் எனச் சொல்லப்படுகிறது. 1970-ல் பத்மஸ்ரீ. 1980-ல் மறைந்தார். வெள்ளைப் புடவையும் அந்த முடிவும் கடைசிவரை மாறவே இல்லை.