தரைப்பலகையில் பிறந்த சித்திரங்கள்

பென்சிலால் தேய்த்தே பெரும் புகழ் பெற்ற ஓவியர் மாக்ஸ் எர்ன்ஸ்ட்

காகிதத்தின் அடியில் ஒரு காசை வைக்க வேண்டும். மேலே பென்சிலால் தேய்க்க வேண்டும். காசில் உள்ள உருவம் அப்படியே காகிதத்தில் விழும்.

பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கு நன்றாகத் தெரிந்த விளையாட்டு இது.

இந்த விளையாட்டைப் பெரிய ஓவியக் கலையாக ஆக்கினார் ஒருவர். அவர் காகிதத்தின் அடியில் வைத்தது காசு அல்ல. ஒரு விடுதியின் பழைய மரத்தரை!

அவர் பெயர் மாக்ஸ் எர்ன்ஸ்ட்.

வெட்டப்பட்ட மரம்

ஜெர்மனியில், கொலோன் நகருக்குப் பக்கத்தில் புரூல் என்று ஓர் ஊர். அங்கே 1891-ம் ஆண்டு ஏப்ரல் 2-ந் தேதி மாக்ஸ் பிறந்தார். தகப்பனார் பிலிப் எர்ன்ஸ்ட், காது கேளாத பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுக்கும் ஆசிரியர். தெய்வ பக்தி மிகுந்தவர், கண்டிப்பானவர். ஓய்வு நேரத்தில் படம் வரைவார்.

ஒரு தடவை வீட்டுத் தோட்டத்தை அவர் படமாக வரைந்தார். தோட்டத்தில் நின்ற ஒரு மரம், படத்தின் அழகைக் கெடுப்பதாக அவருக்குத் தோன்றியது. படத்தில் அதை விட்டுவிட்டார். அத்தோடு நிற்கவில்லை. படமும் தோட்டமும் ஒன்றுபோல் இருக்க வேண்டும் என்று, நின்ற மரத்தையும் வெட்டிவிட்டார்!

மாக்ஸ் பின்னாளில் இந்தக் கதையைச் சொல்வது உண்டு. தகப்பனார், படத்துக்காக உலகத்தைத் திருத்தினார். மகனோ, உலகத்தில் ஏற்கெனவே கிடக்கும் படங்களைத் தேடி எடுத்தார்.

பலகையில் தெரிந்த பேய்

மாக்சுக்கு அப்போது 6 வயது. தட்டம்மை கண்டு படுத்திருந்தான். காய்ச்சல் கொதித்தது.

கட்டிலுக்கு எதிரே ஒரு பலகை இருந்தது. சாதாரணப் பலகைதான். உயர்ந்த மரம்போலத் தெரிவதற்காக, அதன்மீது சிவப்புச் சாயம் பூசிக் கறுப்புக் கோடுகள் இழுத்திருந்தார்கள்.

காய்ச்சல் வேகத்தில் அந்தக் கோடுகள் அசைந்தன. ஒரு கண் தெரிந்தது. நீண்ட மூக்கு தெரிந்தது. பெரிய பறவையின் தலை தெரிந்தது. எல்லாம் அவனையே முறைத்துப் பார்த்தன. சிறுவன் நடுங்கினான்.

அதே ஆண்டில் அவனுடைய சகோதரி மரியா இறந்துபோனாள். சாவும் பயமும் அந்தப் பிஞ்சு மனத்தில் ஆழமாகப் பதிந்தன.

போர்க்களம்

மாக்ஸ் வளர்ந்து பான் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். தத்துவம் படித்தார். மனநோயாளிகள் வரைந்த படங்களைப் பார்த்து வியந்தார். ஓவியம் வரைவதை அவர் எந்தப் பள்ளியிலும் கற்கவில்லை.

1914-ல் முதல் உலகப்போர் மூண்டது. மாக்ஸ் பீரங்கிப் படையில் சேர்க்கப்பட்டார். 4 ஆண்டுகள் போர்க்களத்தில் கழிந்தன. எதிர்ப்பக்கம் பிரெஞ்சுப் படையில் இருந்தார், பால் எலுவார் என்ற கவிஞர். போர் முடிந்த பிறகு இருவரும் உயிர் நண்பர்கள் ஆனார்கள்!

1918-ல் லூயிஸ் ஸ்ட்ராஸ் என்ற யூதப் பெண்ணை மாக்ஸ் மணந்தார். அவர் கலை வரலாறு படித்தவர். 1920-ல் ஒரு மகன் பிறந்தான்.

அந்தக் காலத்தில் மாக்ஸ், பழைய புத்தகங்களிலும் விலைப்பட்டியல்களிலும் உள்ள படங்களைக் கத்தரிப்பார். ஒன்றோடு ஒன்று ஒட்டிப் புதுப் படம் ஆக்குவார். மனிதனுக்குப் பறவைத் தலை முளைக்கும்! ஊரார் சிரித்தார்கள், சிலர் கோபித்தார்கள். பாரிஸ் நகரத்து இளம் கவிஞர்கள் மட்டும் பாராட்டினார்கள்.

1922-ல் மனைவியையும் 2 வயது மகனையும் விட்டுவிட்டு, எலுவாரின் பாஸ்போர்ட்டில் மாக்ஸ் பாரிசுக்குப் போய்விட்டார். கையில் பணம் இல்லை. கிடைத்த வேலைகளைச் செய்து காலம் தள்ளினார்.

மழை நாள்

1925-ம் ஆண்டு ஆகஸ்டு 10-ந் தேதி. பிரான்சு நாட்டின் மேற்குக் கடற்கரையில் போர்னிக் என்ற ஊர். அங்கே ஒரு விடுதியில் மாக்ஸ் தங்கியிருந்தார். அவருக்கு வயது 34.

வெளியே மழை. அறைக்குள் அடைந்து கிடந்தவரின் பார்வை, தரையில் விழுந்தது.

அது மரப்பலகைத் தரை. ஆயிரம் தடவை தேய்த்துத் தேய்த்துக் கழுவியதால், மெதுவான பகுதி தேய்ந்து, மரத்தின் வரிகள் மேலே எழுந்து நின்றன. பார்க்கப் பார்க்க, சிறு வயதில் கட்டிலுக்கு எதிரே இருந்த பலகை அவர் நினைவுக்கு வந்தது.

ஆனால், இப்போது அவர் போர்வைக்குள் ஒளிந்துகொள்ளவில்லை. சில காகிதங்களைத் தரையில் கண்டபடி போட்டார். கறுப்புப் பென்சிலால் மேலே தேய்த்தார்.

காகிதத்தில் மரவரிகள் எழுந்தன. உற்றுப் பார்த்தார். ஓரிடத்தில் கடல் அலை தெரிந்தது. ஓரிடத்தில் காடு தெரிந்தது. ஓரிடத்தில் ஒரு மிருகம் படுத்திருந்தது!

செய்தது எப்படி?

தேய்த்ததோடு வேலை முடிந்துவிடாது.

காகிதத்தைச் சற்று நகர்த்தி, வேறொரு பலகைமேல் வைத்துத் தேய்ப்பார். ஒரு வரி இன்னொரு வரியோடு சேரும். அழுத்தித் தேய்த்தால் கறுப்பு. மெல்லத் தேய்த்தால் சாம்பல் நிறம். பிறகு பென்சிலால் ஒரு கண் வைப்பார். ஓர் அடிவானம் இழுப்பார். மரம் மறைந்துவிடும், படம் நின்றுவிடும்.

தரை மட்டும் போதவில்லை. இலை, பிய்ந்த சாக்குத் துணியின் ஓரம், நூல்கண்டிலிருந்து அவிழ்த்த நூல் என்று கைக்கு அகப்பட்டதன்மேல் எல்லாம் காகிதத்தைப் பரப்பினார். இலையின் நரம்பு ஒரு மரம் ஆயிற்று. சாக்கின் இழை ஒரு வயல் ஆயிற்று.

அவற்றில் 34 படங்கள், 1926-ல் இயற்கை வரலாறு என்ற பெயரில் வெளிவந்தன. கடலும் மழையும் முதலில் வரும். பிறகு செடிகொடிகள், மிருகங்கள், பறவைகள். கடைசியில் ஏவாள், முதுகைக் காட்டி நிற்பாள். ஓர் உலகமே பென்சில் தூளில் பிறந்துவிட்டது!

இந்த முறையை எண்ணெய்ச் சாயத்துக்கும் மாற்றினார். சாயம் பூசிய துணியைப் பலகைமேலும் மற்றப் பொருள்கள்மேலும் விரித்து, சாயத்தைச் சுரண்டி எடுப்பார். அப்படி வந்தவையே அவருடைய புகழ்பெற்ற காட்டுப் படங்கள். பெருங்காடு என்ற படம் 1927-ல் உருவாயிற்று.

லோப்லோப் என்று ஒரு பறவையையும் அவர் படைத்தார். அவர் இளம் வயதில் வளர்த்த கொண்டைக்கிளி செத்த சமயத்தில், வீட்டில் ஒரு தங்கை பிறந்தாள். அது முதல் பறவையும் மனிதரும் அவர் மனத்தில் ஒன்றாகக் கலந்துவிட்டனர். 1930-ஐ ஒட்டிய ஆண்டுகளில், லோப்லோப் பறவை மற்றப் படங்களைக் கையில் ஏந்திக் காட்டுவதுபோலப் பல படங்கள் செய்தார். ஒரே தாளில் தேய்த்த வரியும், ஒட்டிய படமும், பென்சில் கோடும் சேர்ந்திருக்கும்.

இட்லரின் பகை

1933-ல் ஜெர்மனியில் இட்லர் ஆட்சிக்கு வந்தார். மாக்சின் கலை நாஜிகளுக்குப் பிடிக்கவில்லை. 1937-ல், இழிந்த கலை என்று பெயர் சூட்டி மூனிக் நகரில் ஒரு காட்சி நடத்தினார்கள். மாக்ஸ் 1923-ல் வரைந்த அழகிய தோட்டக்காரி என்ற ஓவியத்தை அதில் தொங்கவிட்டுக் கேலி செய்தார்கள். பிறகு அந்த ஓவியம் காணாமலே போய்விட்டது.

1939-ல் இரண்டாம் உலகப்போர் வந்தது. ஜெர்மானியர் என்பதால், பிரான்சு நாட்டிலும் மாக்ஸ் எதிரி ஆனார்! பழைய செங்கல் தொழிற்சாலை ஒன்றில் அவரை அடைத்தார்கள். எலுவார் முயன்று மீட்டார். 1940-ல் மறுபடியும் பிடிபட்டார், தப்பினார்.

முன்பே அமெரிக்கா போய்விட்ட மகன் ஜிம்மி, தந்தையைக் காப்பாற்ற முயன்றான். சிறு வயதில் தன்னை விட்டுப் போன தந்தை அவர்! பெக்கி குக்கன்ஹைம் என்ற செல்வப் பெண்மணியும் உதவினார். 1941 ஜூலையில் மாக்ஸ் நியூயார்க் சேர்ந்தார்.

தாயாரையும் மீட்க ஜிம்மி பாடுபட்டான். அமெரிக்கா செல்ல அவருக்கு அனுமதி கிடைக்கவில்லை. 1944-ல் நாஜிகள் லூயிசை ஆஷ்விட்ஸ் கொலைக்கூடத்துக்குக் கொண்டுபோனார்கள். அவர் திரும்பவில்லை.

பிரான்சில் தொடங்கி 1942-ல் அமெரிக்காவில் மாக்ஸ் முடித்த ஓர் ஓவியம் உண்டு. பெயர், மழைக்குப் பின் ஐரோப்பா. ஈரச் சாயத்தை அழுத்தி எடுத்தபோது விழுந்த திட்டுகளில், அழிந்த கண்டம் ஒன்றை அவர் கண்டார்.

கடைசி நாட்கள்

1946-ல் டொரோத்தியா டானிங் என்ற ஓவியரை மாக்ஸ் மணந்தார். இருவரும் அரிசோனா மாநிலத்தில் தங்கள் கையாலேயே வீடு கட்டி வாழ்ந்தார்கள். பிறகு பிரான்சு திரும்பினார்கள். 1954-ல் வெனிஸ் நகரக் கலைவிழாவில் ஓவியத்துக்கான பெரிய பரிசு மாக்சுக்குக் கிடைத்தது. ஜிம்மியும் பெயர் பெற்ற ஓவியர் ஆனார்.

காணாமல் போன தோட்டக்காரியையும் மாக்ஸ் மறக்கவில்லை. 1967-ல், அவள் திரும்பி வந்ததாகப் பெயர் வைத்து, மறுபடியும் வரைந்தார்.

1976-ம் ஆண்டு ஏப்ரல் 1-ந் தேதி பாரிசில் மாக்ஸ் எர்ன்ஸ்ட் காலமானார். மறுநாள் விடிந்திருந்தால் அவருக்கு வயது 85.

பிறந்த ஊரான புரூலில், 2005-ல் அவர் பெயரால் ஓர் அருங்காட்சியகம் திறக்கப்பட்டது.

ஒரு பலகை, 6 வயதுச் சிறுவனைப் பயமுறுத்தியது. 28 ஆண்டுகள் கழித்து அவர் பயத்துக்கு முதுகு காட்டாமல், காகிதமும் பென்சிலுமாகத் தரையில் குனிந்து உட்கார்ந்தார். முன்பு அவரை முறைத்த வரிகள், அன்று முதல் அவருக்குப் படம் கொடுத்தன.