ஜம்முவில் ஒரு ஜியாலஜி வாத்தியார்

மலருக்குக் கட்டுரை கேட்டு நம் சங்கச் செயலாளர் போன் செய்தபோது, லைப்ரரி மூலையில் தூசி படிந்து கிடந்த 'இந்திய நிலவியல்' புத்தகம்தான் ஞாபகம் வந்தது. சிவில் படித்த எங்களுக்கு ஜியாலஜி ஒரே ஒரு பேப்பர். பாஸ் பண்ணியதும் மறந்தாச்சு. பிறகு காற்றாலை அஸ்திவார வேலையில், போர் போட்ட அறிக்கையில் பாறை என்றிருந்ததை நம்பித் தோண்டி, வெறும் உருண்டைக் கல்லாக இருக்கக் கண்டு விழித்தேன். அதற்கப்புறம்தான் அந்தப் புத்தகத்தை எழுதியவர் யார் என்று தேடிப் படித்தேன்.

தாராஷா நோஷெர்வான் வாடியா 1883-ல் சூரத்தில் பிறந்தவர். பரோடா கல்லூரியில் படித்தார். 1907-ல் ஜம்முவில் பிரின்ஸ் ஆஃப் வேல்ஸ் கல்லூரிக்கு ஆசிரியராகப் போனார். பதினாலு வருஷம் அங்கேதான். லீவு விட்டால் போதும், மாணவர்களையும் கூட்டிக்கொண்டு மலையடிவாரத்துக்குக் கிளம்பிவிடுவார். கல்லை உடைத்துக் காட்டுவதுதான் பாடம். சிவாலிக் குன்றுகளில் பழங்கால யானை இனம் ஒன்றின் தந்தம் கிடைத்தது இப்படித்தான். நம் மாணவர்களுக்கு நம் நாட்டுப் பாறைகளைச் சொல்லித்தர ஒரு நல்ல புத்தகம் வேண்டும் என்று அவரே எழுதி, 1919-ல் வெளிவந்தது அது.

1921-ல் இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையில் சேர்ந்தார். ஐரோப்பியப் பட்டம் இல்லாமலே அந்தப் பதவிக்கு வந்தவர் என்பது அன்றைக்குச் சாதாரண விஷயமில்லை. நங்க பர்வதத்தைச் சுற்றி இமயமலை ஏன் கொண்டை ஊசி மாதிரி வளைகிறது என்பதை வருஷக்கணக்கில் நடந்து பார்த்து விளக்கினார். 1938-ல் ஓய்வு. உடனே இலங்கை அரசின் கனிமவியல் அதிகாரியாகப் போய் 1944 வரை இருந்தார். ஆளுக்கு ஓய்வே பிடிக்காது போல!

எனக்கு முக்கியமாகப் படுவது அதற்கப்புறம்தான். 1949-ல், அறுபத்தைந்து வயசில், அணுசக்திக்கான கனிமங்களைத் தேடும் பிரிவுக்குத் தலைமை ஏற்றார். அப்போது நம் நாட்டில் யுரேனியம் தேடிப் பழகியவர்கள் கையளவுகூட இல்லை. இளைஞர்களைச் சேர்த்துப் பழக்கித்தான் அனுப்ப வேண்டியிருந்தது. 1951-ல் இன்றைய ஜார்கண்டில் உள்ள ஜாதுகுடாவில் யுரேனியம் அகப்பட்டது. 1957-ல் லண்டன் ராயல் சொசைட்டி அவரை உறுப்பினராக்கியது. 1969-ல் காலமானார். டேராடூனில் உள்ள இமயமலை நிலவியல் ஆய்வு நிறுவனம் இன்று அவர் பெயரில்தான் இருக்கிறது.

அவர் வாத்தியாராக இருந்த அதே ஜம்முவில், ரியாசி மாவட்டத்தில், 59 லட்சம் டன் லித்தியத் தாது இருக்கலாம் என்று 2023-ல் அறிவித்தார்கள். முதல்கட்டக் கணக்குதான், எடுத்துக் கட்டுப்படியாகுமா என்பது வேறு கதை. பேட்டரிக்கு லித்தியம், காற்றாலைக்குத் தாமிரம், அருமண் உலோகங்கள் என்று நிலக்கரிக்குப் பதிலாக நாம் கேட்பதெல்லாம் மறுபடி பூமிக்குள்ளேதான். தேடிப் போக ஆள்?

இப்போ மூன்றாம் ஆண்டு படிக்கும் தம்பி, தங்கைகளைக் கேட்டுப் பார்த்தேன். லேப் பெட்டியில் நம்பர் ஒட்டிய கற்களைத்தான் பார்க்கிறார்களாம். மலைப்பக்கம் ஒரு நாள்கூடப் போனதில்லையாம். வருஷத்துக்கு இரண்டு நாள், ஒரு பஸ், சாப்பாடு, ஆளுக்கு ஒரு சுத்தியல். எங்கள் பேட்ச் சார்பில் பஸ் செலவை ஏற்றுக்கொள்கிறோம். மீதியை யார் ஏற்பது என்று பொதுக்குழுவில் பேசிவிடலாமா?