வலிப்பு மாதிரியே இருக்கும்... ஆனா எபிலெப்சி இல்லை! பாரிஸ் டாக்டர் ஷார்க்கோவின் கதை

ஒருத்தர் திடீர்னு கீழே விழுறார். கை கால் வெட்டி வெட்டி இழுக்குது. பார்த்ததுமே எபிலெப்சினுதானே நினைப்பீங்க? அச்சு அசலா அப்படியே இருந்தாலும், எபிலெப்சிக்கான மின் கோளாறு மூளையில் துளியும் இல்லாத வலிப்பும் உண்டு. இந்த ரெண்டையும் பிரிச்சுப் பார்க்க மெனக்கெட்டவர்தான் ழான் மார்ட்டின் ஷார்க்கோ.

1825-ல் பாரிஸில் பிறந்தவர். அப்பா குதிரை வண்டி செய்பவர். 1862-ல் சால்பெட்ரியேர் மருத்துவமனையில் டாக்டராகப் பொறுப்பேற்றார். ஒரு காலத்தில் வெடிமருந்து தயாரிச்ச இடம் அது. பிறகு ஏழைகள், ஆதரவற்றோர், மனநோயாளிகள் என ஆயிரக்கணக்கான பெண்களை அடைச்சு வைக்கும் இடமாகிடுச்சு. மத்தவங்க ஒதுங்கிப்போன அந்த இடம் ஷார்க்கோவுக்கு புதையல். ஸ்டீபன் ஹாக்கிங்குக்கு வந்த ஏ.எல்.எஸ் நோயைத் தெளிவா விவரிச்சவர் இவர்தான். பிரான்ஸில் இன்னிக்கும் அதுக்கு ‘ஷார்க்கோ நோய்’னுதான் பேர்.

1870 வாக்கில் அங்கே ஒரு கட்டடம் பாழடைஞ்சுபோக, நோயாளிகளை இடம் மாத்தினாங்க. எபிலெப்சி உள்ளவங்களும், அப்போ ‘ஹிஸ்டீரியா’னு முத்திரை குத்தப்பட்ட பெண்களும் ஒரே வார்டுக்கு வந்தாங்க. ராத்திரி பகலா நிஜ எபிலெப்சியைப் பக்கத்துப் படுக்கையில் பார்த்துட்டே இருந்தா, உடம்பு தன்னை அறியாமலே அதைக் கத்துக்காதா? பின்னாடி வந்தவங்க கேட்ட கேள்வி இது.

ஷார்க்கோ தெர்மாமீட்டரை எடுத்தார். எபிலெப்சி விடாம அடுக்கடுக்கா வந்தா உடம்புச் சூடு எகிறும். மற்ற வகையில் அப்படி ஏறலைனு கவனிச்சார். அந்தக் காலத்துக்கு இது பெரிய விஷயம். மூளையின் மின் அலையைப் பதிவு பண்ணும் இ.இ.ஜி பத்தி ஹான்ஸ் பெர்கர் கட்டுரை வெளியிட்டதே 1929-ல்தான்.

இப்போ டாக்டர்கள் வீடியோவும் இ.இ.ஜி-யும் சேர்த்து எடுக்கிறாங்க. எபிலெப்சியில் பெரும்பாலும் கண் திறந்திருக்கும்; ரெண்டு, மூணு நிமிஷத்தில் முடிஞ்சுடும். மற்றதில் கண் இறுக மூடியிருக்கலாம், தலை பக்கவாட்டில் ஆடலாம், விட்டு விட்டு ரொம்ப நேரம் நீளலாம். ஆனா இதை மட்டும் வெச்சு நீங்களா முடிவு பண்ணிடாதீங்க. சிலருக்கு ரெண்டுமே இருக்கும். எபிலெப்சி மாத்திரை இந்த வகை வலிப்பை நிறுத்தாது. மனநல சிகிச்சைதான் உதவும். முக்கியமா, இது நடிப்பு இல்லீங்க.

ஷார்க்கோவும் நடிப்புனு ஒதுக்கலை. ‘ஹிஸ்டீரியா’ பெண்களுக்கு மட்டும்னு இருந்த நம்பிக்கையையும் உடைச்சு, விபத்துக்குப் பிறகு பாதிக்கப்பட்ட ஆண்களையும் காட்டினார். ஆனா சினைப்பையை அழுத்தினா வலிப்பு நிக்கும்னு நம்பினதும் அதே மனுஷன்தான். இதை மன்னிக்கக் கொஞ்சம் கஷ்டமாத்தான் இருக்கு.

அவரோட வகுப்புகள் ஒரு ஷோ மாதிரி. எழுத்தாளர்கள், நடிகர்கள்னு கூட்டம் அம்மும். நோயாளிகளை ஹிப்னாட்டிசம் பண்ணி எல்லார் முன்னாடியும் வலிப்பை வரவழைப்பார். 1885-ல் வந்து நாலு மாசம் போலத் தங்கிய ஃப்ராய்டு அசந்துபோய், தன் மூத்த மகனுக்கு இவர் பேரையே வெச்சார். 1887-ல் புரூயே வரைஞ்ச ஓவியத்தைத் தேடிப் பாருங்க. மயங்கிச் சாயும் பெண் பிளான்ச் விட்மன். அவருக்கு எதிர்ச் சுவரில் உடம்பை வில்லா வளைச்ச ஒரு பெண்ணின் படம் மாட்டியிருக்கும். அடுத்து என்ன எதிர்பார்க்கிறாங்கனு பிளான்ச்சுக்குத் தெரிஞ்சேதான் இருந்திருக்கும்!

1893 ஆகஸ்ட்டில் ஷார்க்கோ இறந்தார். அதுக்கப்புறம் பிளான்ச்சுக்கு அந்த வலிப்பு வரலைனு சொல்றாங்க. அதே மருத்துவமனையில் போட்டோ பிரிவில், பிறகு எக்ஸ்ரே பிரிவில் வேலை பார்த்தார். கதிர்வீச்சு பாதிப்பில் உறுப்புகளை வெட்டி எடுக்க வேண்டியதாச்சு. பல வருஷம் கழிச்சு ஒரு டாக்டர், அப்போ நடந்ததெல்லாம் நடிப்பானு கேட்டிருக்கார். இல்லவே இல்லைனு மறுத்துட்டார் பிளான்ச்.