கிட்டப்பாவின் இரண்டாம் வாழ்வு

ஒரு கலைஞரின் வாழ்நாளைப் பிறந்த ஆண்டையும் மறைந்த ஆண்டையும் கொண்டு அளந்துவிடுவது வழக்கம். செங்கோட்டை எஸ். ஜி. கிட்டப்பாவுக்கு அவ்வளவை பொருந்துவதில்லை. 1906 ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்கள் 25 ஆம் நாள் பிறந்த அவர், 1933 டிசம்பர் 2 அன்று மறைந்தார். உடல்கொண்டு வாழ்ந்தது 27 ஆண்டுகளே. அவருடைய குரலோ, மறைவுக்குப் பின் 90 ஆண்டுகளைக் கடந்தும் ஒலித்துக்கொண்டிருக்கிறது. முதல் வாழ்வை அவருக்கு நாடக மேடை தந்தது. இரண்டாம் வாழ்வை இசைத்தட்டுகளும் அவற்றைத் தேடிச் சேர்த்துக் காத்தவர்களும் தந்தனர். இவ்விரண்டையும் சேர்த்து எழுதினாலன்றிக் கிட்டப்பாவின் வரலாறு நிறைவுறாது.

செங்கோட்டை அந்நாளில் திருவிதாங்கூர் அரசுக்கு உட்பட்டிருந்தது. 1956 நவம்பர் முதல் நாளில்தான் தமிழகத்தோடு இணைந்தது. அவ்வூரில் கங்காதர ஐயருக்கும் மீனாட்சியம்மாளுக்கும் மகனாகப் பிறந்த குழந்தைக்கு இட்ட பெயர் இராமகிருட்டிணன். கிட்டன், கிட்டப்பா என்பன வீட்டார் அழைத்த செல்லப் பெயர்கள். பிள்ளைகள் பலர், வருவாய் சிறிது. வறுமை அச்சிறுவர்களைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்புவதற்கு மாறாக நாடகக் குழுவுக்கு அனுப்பியது. சங்கரதாசு சுவாமிகளின் சமரச சன்மார்க்க நாடக சபையில் உடன்பிறந்தாரோடு சேர்ந்தபோது கிட்டப்பா பால்மணம் மாறாத சிறுவர். பாய்ஸ் கம்பெனி என்று மக்கள் அழைத்த அக்குழுக்களே அந்நாளைய ஏழைப் பிள்ளைகளுக்கு உணவும் உறையுளும் கல்வியும் அளித்தன. சுவாமிகளின் பாடல்களை வாய்ப்பாடமாகக் கற்ற பிள்ளைகளுக்கு எழுத்தறிவுக்கு முன்பே யாப்பறிவு செவிவழி வந்துவிட்டது.

கிட்டப்பாவின் இசைப்புலமையும் பெரிதும் கேள்வி ஞானத்தால் அமைந்ததே. நெடுங்காலம் ஒரே ஆசிரியரிடம் அடங்கியிருந்து கற்கும் வாய்ப்பு நாடகப் பிள்ளைக்கு ஏது? ஊர்தோறும் கேட்ட கச்சேரிகளும் நாகசுரமும் மேடைப் பாடல்களுமே அவருக்குப் பாடநூல்கள். கேள்விக்கென ஓர் அதிகாரமே வகுத்த திருவள்ளுவர் இருந்திருப்பின் இச்சிறுவரைக் கண்டு மகிழ்ந்திருப்பார் என்று எண்ணத் தோன்றுகிறது. பின்னாளில் முறையான சங்கீதப் பயிற்சியுடைய வித்துவான்களும் நாடகக் கொட்டகைக்கு வந்து கேட்கும் நிலைக்கு அவர் உயர்ந்தார்.

இலங்கையில் சில ஆண்டுகள் நடித்துத் திரும்பியபின், 1919 அளவில் கன்னையாவின் ஸ்ரீ கிருஷ்ண விநோத சபாவில் சேர்ந்தார். காட்சிச் சிறப்புக்குப் பேர்பெற்றது அச்சபை. அதன் தசாவதாரம் நாடகத்தைக் காணத் திரண்ட கூட்டத்தில், ஓவியத் திரைகளையும் உயிருள்ள விலங்குகளையும் காண வந்தோர் ஒரு பாதி. கிட்டப்பாவைக் கேட்க வந்தோர் மறுபாதி எனலாம். தொடக்கத்தில் பெண்வேடமும் பின்னர் ஆண்வேடமும் அவருக்கு வாய்த்தன. ஒலிபெருக்கி இல்லாத காலம் அது. கொட்டகையின் கடைசி வரிசையில் தரையில் அமர்ந்தவனுக்கும் சொல் தெளிவாகச் சென்று சேரவேண்டும். ஆதலின் மேல் சுருதியில் பாடுவது நாடகப் பாடகனுக்குத் தொழில்முறைக் கட்டாயமாயிற்று. மற்றவர்களிடம் கூச்சலாக முடிந்த அவ்வுயரம் கிட்டப்பாவிடம் இனிமையாகவே நின்றது. மேல்தாயியில் நெடுநேரம் நிலைத்துநின்று, அங்கிருந்து மின்னல் விரைவில் பிருகாக்களை உதிர்த்து இறங்கும் ஆற்றல் அவருடைய தனி முத்திரை. உடன்பிறந்தாராகிய காசி ஐயர் ஆர்மோனியம் வாசித்துத் துணைநின்றார்.

1920களின் நடுவில் இலங்கையில் கொடுமுடி கே. பி. சுந்தராம்பாளும் கிட்டப்பாவும் ஒரே மேடையில் தோன்றினர். சுந்தராம்பாள் அப்போதே தம் கம்பீரக் குரலால் அங்குப் பெயர் பெற்றிருந்தார். வள்ளி திருமணத்தில் இவர் வேலனாகவும் அவர் வள்ளியாகவும் நின்று தர்க்கம் புரிந்தபோது, இருவரில் யார் விஞ்சியவர் என்று முடிவுசெய்ய இயலாமல் மக்கள் மீண்டும் மீண்டும் வந்தனர். மேடையில் பிறந்த அவ்வுறவு 1927 இல் மணமாயிற்று. இருவரும் கதர் உடுத்தினர். நாட்டு விடுதலைப் பாடல்களை மேடையேற்றினர். வேலனும் வள்ளியும் நடத்தும் உரையாடலுக்கு இடையே நாட்டின் அடிமைநிலை பற்றிய பாட்டு எழும்போது கொட்டகை அரசியல் கூட்டமாக மாறும் காலம் அது.

இவ்விடத்தில் ஒன்றைச் சொல்லாமல் கடந்துவிடுதல் நேர்மையாகாது. கிட்டப்பாவுக்கு 1924 இலேயே கிட்டம்மாளோடு திருமணம் நிகழ்ந்திருந்தது. சுந்தராம்பாளோடு கொண்ட இல்வாழ்வும் நெடுநாள் ஒன்றிநிற்கவில்லை. பிரிவும் ஊடலும் மனக்கசப்பும் நேர்ந்தன. பின்னாளில் அச்சேறிய சுந்தராம்பாளின் மடல்களில் அப்பிரிவின் துயரம் உறைந்துகிடக்கிறது. ஓர் ஆணின் புகழுக்குப் பின்னால் இரு பெண்களின் காத்திருப்பு இருந்தது. குரலின் இனிமையைப் போற்றுவோர் அக்காத்திருப்பை மறந்துவிடலாகாது. கலைஞரின் பெருமையும் மனிதரின் குறையும் ஒரே உடலில் குடியிருந்தன என்பதே உண்மை வரலாறு.

நோய் முற்றிய நிலையிலும் மேடையைத் துறக்க மனமில்லாதிருந்த கிட்டப்பா 1933 இன் இறுதியில் மறைந்தபோது சுந்தராம்பாளுக்கு வயது 25. அணிகலன்களை நீக்கி, வெண்புடவை உடுத்தி, இறுதிவரை அக்கோலத்திலேயே வாழ்ந்தார். 1935 இல் நந்தனார் படத்தில் தாமே நந்தனாராக ஆண்வேடம் பூண்டார். 1953 இல் ஔவையாராகத் தோன்றினார். 1958 இல் சட்ட மேலவை உறுப்பினரானார். 1980 இல் மறைந்தார்.

தமிழின் முதற் பேசும்படமாகிய காளிதாஸ் 1931 அக்டோபரில் வெளிவந்தது. அதன்பின் கிட்டப்பா வாழ்ந்தது இரண்டாண்டுகளே. எந்தப் படத்திலும் அவர் நடிக்கவில்லை. நாடகமோ அன்றைய இரவோடு முடிந்துபோகும் கலை. திரை விழுந்தபின் எஞ்சுவது கண்டவர் நினைவு மட்டுமே. கண்டவர் மறைந்தால் அதுவும் மறையும். எனவே கிட்டப்பாவைப் பற்றி நாம் இன்று சொல்லக்கூடிய எந்தச் சொல்லுக்கும் சான்றாக நிற்பவை, கொலம்பியா நிறுவனம் பதிவுசெய்து வெளியிட்ட அவருடைய இசைத்தட்டுகளே. அவை இல்லையெனில், இருந்தார், பாடினார், மக்கள் மயங்கினர் என்னும் மூன்று சொற்களோடு அவர் வரலாறு முடிந்திருக்கும்.

அத்தட்டின் இயல்பை இங்கே சிறிது விளக்குதல் தகும். மரக்கிளைகளில் வாழும் சிறு பூச்சி சுரக்கும் அரக்கைக் கல்தூளோடும் கரியோடும் கலந்து அழுத்தி வார்த்தது அது. விட்டம் 10 அங்குலம். நிமிடத்துக்கு 78 சுற்று. ஒரு பக்கத்தில் ஏறக்குறைய மூன்று நிமிடப் பாட்டு. கீழே விழுந்தால் உடைந்துபோகும். எஃகு ஊசி ஓடும்போதெல்லாம் சிறிது தேயும். விடியவிடியப் பாடிய ஒருவரை மூன்று நிமிடத்துக்குள் அடக்கியது இக்கருவி. அதனால் இழந்தவை பல. எனினும் பெற்றதும் ஒன்றுண்டு. மேடையில் விரித்துப் பாடியதைச் சுருக்கி, விருத்தத்தின் சொல்லைச் சிதைக்காமல், இராகத்தின் சாரத்தை முதல் வீச்சிலேயே காட்டவேண்டிய நெருக்கடி, அவருடைய பாட்டுக்கு வெண்பாவின் செறிவைத் தந்தது. தியாகராசரின் எவரனி என்னும் கீர்த்தனையை அவர் தட்டில் கேட்ட எளிய மக்கள், தெலுங்கு அறியாதவராயினும் அதனைத் தம் பாட்டாகவே கொண்டனர். வள்ளலாரின் அருட்பாவை அவர் பாடிய தட்டு, அப்பாட்டைச் சன்மார்க்க அன்பர் வட்டத்துக்கு அப்பாலும் கொண்டுசென்றது. வள்ளி திருமணத்தில் வேலன் கானகம் புகும்போது பாடும் காயாத கானகத்தே, 1945 இல் ஸ்ரீ வள்ளி படத்தில் டி. ஆர். மகாலிங்கத்தின் குரலில் மீண்டும் பிறந்தபோது, கேட்டோர் செவியில் அதன் பின்னணியாகக் கிட்டப்பாவின் தட்டு சுழன்றுகொண்டிருந்தது.

பாலாற்றங்கரையில் வாழும் நமக்கு இதன் அருமையை நெடிது விளக்க வேண்டுவதில்லை. உரித்த தோல் அப்படியே விடப்படின் ஓரிரு நாளில் அழுகிவிடும். உப்பிட்டு, சுண்ணாம்பிட்டு, ஆவாரம்பட்டையும் கடுக்காயும் ஊறிய நீரில் இட்டுப் பதனிட்டால் அது தலைமுறை கடந்து நிற்கும். வேலூரும் ஆம்பூரும் வாணியம்பாடியும் பேரணாம்பட்டும் வாழ்வது அழியும் பொருளை அழியாமற் காக்கும் அத்தொழிலால். இசைத்தட்டு குரலைப் பதனிட்டது. ஆயினும் பதனிட்ட தோலையும் பேணாவிட்டால் பூஞ்சை பற்றும் என்பதையும் நம்மவர் அறிவர்.

இதற்கு ஒப்பான வரலாறு ஒன்று அமெரிக்காவிலும் உண்டு. அந்நாட்டின் தென்பகுதிக் கறுப்பின மக்களின் துயரத்திலும் உழைப்பிலும் பிறந்தது புளூஸ் இசை. அதனைப் பாடிய இராபர்ட் ஜான்சன் 1911 இல் மிசிசிப்பி மாநிலத்தில் பிறந்தார். 1936 இலும் 1937 இலும் டெக்சாசு மாநிலத்தில் சில நாட்கள் மட்டும் ஒலிப்பதிவுக் கருவியின் முன் அமர்ந்து 29 பாடல்களைப் பதிந்தார். 1938 இல் மறைந்தார். அவருக்கும் வயது 27. வாழ்நாளில் அவரை அறிந்தோர் சிலரே. பழைய தட்டுகளைத் தேடி அலைந்த ஆர்வலர் வட்டத்தில் அவர் பெயர் உயிரோடிருந்தது. 1961 இல் அப்பாடல்களுள் ஒரு பகுதி நெடுநேர இசைத்தட்டாக வந்தது. 1990 இல், ஒரே பாட்டை இருமுறை பதிந்தவற்றையும் சேர்த்து 41 பதிவுகளாக, குறிப்புகளோடு கூடிய பேழைத் தொகுப்பாக வெளிவந்தது. அதன்பின் அவர் புகழ் மேலும் பரவியது. அதே இசையின் மற்றொரு முன்னோடியாகிய சார்லி பேட்டனின் பாடல்களை வெளியிட்ட பாரமவுண்ட் இசைத்தட்டு நிறுவனத்தின் உலோகத் தாய் அச்சுகள் பெரும்பாலும் அழிந்துவிட்டன. எனவே தேய்ந்தும் கீறியும் கிடந்த தட்டுகளைப் பழைய வீடுகளில் கேட்டு வாங்கிய சேகரிப்பாளர்களாலேயே அவர் குரலை இன்று கேட்க முடிகிறது. இரண்டாம் உலகப் போரின்போது அரக்குத் தட்டுப்பாட்டால் அந்நாட்டில் பழைய தட்டுகள் மறுவார்ப்புக்கெனத் திரட்டப்பட்டன. எத்தனை குரல்கள் அவ்வாறு உருகின என்பதை யார் கணக்கிட முடியும்?

நம் நாட்டிலும் அத்தகைய ஆர்வலர் தோன்றினர். சென்னையில் வி. ஏ. கே. ரங்கா ராவ் பல்லாயிரம் இசைத்தட்டுகளைச் சேர்த்துப் பகுத்து, அவற்றைக் குறித்து எழுதியும் பேசியும் வந்தவர். கோட்டையூர் ரோஜா முத்தையா தம் வாழ்நாள் முழுதும் நூல்களையும் இதழ்களையும் பாட்டுப் புத்தகங்களையும் நாடகத் துண்டறிக்கைகளையும் திரட்டினார். 1992 இல் அவர் மறைந்தபின் அத்தொகுப்பே சென்னையில் ஆய்வு நூலகமாக வளர்ந்தது. ஏடு தேடி ஊரூராக நடந்து 1887 இல் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்த உ. வே. சாமிநாதையரை நாம் தமிழ்த்தாத்தா எனப் போற்றுகிறோம். தட்டு தேடி நடந்தவர்களும் அவர் மரபினரே என்பது என் துணிபு. ஏட்டில் செல்லரித்த இடம்போலத் தட்டில் ஊசி தேய்த்த இடம் உண்டு; ஏடுகளுக்கிடையே பாடவேறுபாடு போல, அச்சிட்ட பாட்டுப் புத்தகத்துக்கும் பாடிய தட்டுக்குமிடையே சொல்வேறுபாடு உண்டு. ஒரு சொல்லை எங்கே நிறுத்தினார், எங்கே அசையை நீட்டினார் என்பதை எந்த அச்சு நூலும் காட்டாது. சங்கரதாசு சுவாமிகளின் யாப்பு பாடுபவர் நாவில் எவ்வாறு இயங்கியது என்பதை ஆராய விழைவோர்க்கு அத்தட்டே மூலபாடம்.

கவிஞர் நிறைந்த நம் வட்டத்துக்கு இவ்வரலாறு சொல்லும் செய்தி ஒன்றுண்டு. எழுதிய கவிதைக்குக் காகிதம் துணைநிற்கிறது. பாடிய கவிதைக்கு அத்துணை எளிதில் வாய்ப்பதில்லை. கிட்டப்பாவின் பாடல்கள் நாடாவிலும் குறுந்தகட்டிலும் இணையத்திலும் ஏறிவிட்டனவே, பழைய தட்டு எதற்கு என்று கேட்கலாம். படிகள் பல இருந்தாலும் மூல ஏட்டைப் பதிப்பாசிரியர் கைவிடுவதில்லை. தேய்வு குறைந்த ஒரு தட்டு கிடைத்தால் இதுவரை கேளாத நுணுக்கம் ஒன்று கேட்கும். மேலும், கிட்டப்பாவைப் போன்ற புகழ் வாய்க்காத நாடகக் கலைஞர் பலரின் தட்டுகளுக்கு வேறு படியே இல்லாதிருத்தல் கூடும்.

ஆகவே நம் வேலூர், ஆம்பூர், குடியாத்தம் பகுதிப் பழைய வீடுகளின் பரண்களைச் சற்று நோக்குமாறு அன்பர்களை வேண்டுகிறேன். தட்டுகள் கிடைப்பின் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்காமல் நூல்களைப்போல் நிறுத்திவைக்கலாம். தேய்ந்த ஊசியால் ஓட்டிப் பார்க்காமலிருக்கலாம். வட்டச்சீட்டிலுள்ள பாடகர் பெயர், பாட்டின் முதல், தட்டின் எண் ஆகியவற்றை ஏட்டில் குறித்துவைக்கலாம். பின்னர் முறையறிந்தோரைக் கொண்டு படியெடுத்து, ஒரு பொது நூலகத்தில் சேர்க்கலாம். நம் வட்டத்தின் அடுத்த பத்தாண்டுப் பணிகளுள் இதுவும் ஒன்றாகட்டும். செங்கோட்டையில் பிறந்த அவ்விளைஞருக்கு இரண்டாம் வாழ்வு தந்தவருள் பெரும்பாலோர் பெயர் தெரியாதவர்கள். தட்டைப் பழைய சாமான்காரரிடம் போடாமல் எடுத்துவைத்தவர்கள். அவர்கள் செய்ததை நாமும் செய்தல் கூடும்.