பாக் எழுதாத 'பாக் மினுவெட்': பியானோ மாணவர்களைக் குழப்பும் இசைத்தாள்களின் கதை

லாபிஸ் போன்ற சின்ன ஊரில் பியானோ கற்றாலும் சரி, கோலாலம்பூரில் கற்றாலும் சரி, கிரேட் சோதனைக்குத் தயாராகும் எல்லாருக்கும் ஒரு கட்டத்தில் பாக் வந்தே தீருவார். பலருக்கு முதலில் கைக்கு வருவது 'ஜி மேஜர் மினுவெட்'.

ஆனா, அது பாக் எழுதியதே இல்லை, தெரியுமா?

அதை இயற்றியவர் டிரெஸ்டன் நகரத்து ஆர்கன் கலைஞர் கிறிஸ்டியன் பெட்சோல்ட். 1725-இல் தொடங்கிய ஒரு வீட்டு நோட்டுப் புத்தகத்தில், பாக்கின் மனைவி ஆனா மக்தலேனா அதை எழுதி வைத்தார். இயற்றியவர் பெயரைப் போடவில்லை. பிறகு வந்தவர்கள் அதை பாக் கணக்கில் சேர்த்துவிட்டார்கள். 1970களில்தான் உண்மை தெளிவானது.

இப்படி எப்படி நடக்கும்? அவர் வாழ்ந்த விதத்தைப் பார்த்தால் புரியும்.

நிலா வெளிச்சத்தில் எடுத்த நகல்

யோகான் செபாஸ்தியன் பாக் 1685-இல் ஜெர்மனியின் ஐசனாக் நகரில் பிறந்தார். பத்து வயது நிறைவதற்குள் அம்மாவும் அப்பாவும் இறந்துவிட, அண்ணன் வீட்டில் வளர்ந்தார்.

அண்ணனிடம் அருமையான கீபோர்டு இசைத் தொகுப்பு ஒன்று இருந்தது. தம்பிக்குத் தரவில்லை. பூட்டிய அலமாரியின் கம்பிகளுக்குள் கையை விட்டு, தாள்களைச் சுருட்டி எடுத்து, ஆறு மாதம் நிலா வெளிச்சத்தில் நகல் எடுத்தாராம் பாக். கடைசியில் பிடிபட்டார், அண்ணன் நகலைப் பிடுங்கிக்கொண்டார். 1754-இல் வெளிவந்த இரங்கல் குறிப்பில் உள்ள கதை இது. கொஞ்சம் கூட்டிச் சொன்னதாகவும் இருக்கலாம்! ஆனால் அன்றைக்கு இசை இப்படித்தான், கைக்குக் கை நகலாகப் பரவியது.

ஓர் ஒப்பீடு: பாக்கைவிட மூன்றே வயது மூத்தவர் சீகன்பால்க். அவர் மொழிபெயர்த்த தமிழ் புதிய ஏற்பாடு 1715-இல் தரங்கம்பாடியில் அச்சாகி முடிந்துவிட்டது. பாக்கின் கீபோர்டு படைப்பு ஒன்று அச்சில் வரவோ 1726 ஆனது.

சொந்தக் காசில் வெளியீடு

அதுவும் அவரே செலவு செய்து வெளியிட்டது. 'பார்ட்டிட்டா'க்களை ஒவ்வொன்றாக விற்றார். 1731-இல் ஆறையும் சேர்த்து முதல் நூல் என்று எண் போட்டபோது அவருக்கு வயது 46.

இன்று பியானோ கலைஞர்களின் அடிப்படைப் பாடமான 'வெல் டெம்பர்டு கிளேவியர்' முதல் பாகத்தை 1722-இல் முடித்தார். எல்லா மேஜர், மைனர் சுருதிகளிலும் சேர்த்து 24 ஜோடிகள். அது முழுமையாக அச்சேறியது 1801-இல்தான். சிறுவன் பேத்தோவன்கூட அதைக் கையெழுத்து நகலில்தான் கற்றார்.

1750-இல் இரண்டு கண் அறுவை சிகிச்சைகள் செய்தும் பலனில்லை. அதே ஆண்டு ஜூலை 28-இல் லைப்சிக்கில் பாக் இறந்தார்.

கையெழுத்துத் தாள்களை மகன்களும் மனைவியும் பங்கு போட்டுக்கொண்டார்கள். மூத்த மகன் பணமில்லாமல் தன் பங்கை விற்றார். பல தாள்கள் தொலைந்தே போயின. 'ஆர்ட் ஆஃப் ஃபியூக்' அச்சிடப் பயன்பட்ட செப்புத் தகடுகளை இன்னொரு மகன் 1756-இல் விற்பனைக்கு விட்டார். சுமார் 30 பிரதிகள்தான் விற்றிருந்தன. எத்தனையோ தாள்களைக் கணவருக்காக நகல் எடுத்த ஆனா மக்தலேனா, 1760-இல் தர்மப் பணத்தில் வாழ்ந்து இறந்தார். இந்தக் கதையில் அதிகம் வலிப்பது இதுதான்.

எந்தப் புத்தகத்தை வாங்குவது?

பாக் பெரும்பாலும் எழுதியது ஹார்ப்சிகார்டுக்கும் கிளாவிகார்டுக்கும். அதனால் சத்தமாக, மெதுவாக என்ற குறிகளோ பெடல் குறியோ அவர் தாள்களில் அநேகமாக இருக்காது. 1837-இல் செர்னி போன்றவர்கள் பியானோவுக்காக அவற்றைத் தாங்களே சேர்த்தார்கள். மூலத்தில் உள்ளதை மட்டும் தர முயலும் பதிப்புக்கு 'உர்டெக்ஸ்ட்' என்று பெயர். அட்டையில் அந்தச் சொல் இருக்கிறதா என்று பாருங்கள்.

அப்படியே மினுவெட்டின் தலைப்பையும் பாருங்கள். பாக் பட்டியல் எண்ணுக்கு முன்னால் 'பிற்சேர்க்கை' என்ற பொருளில் 'ஆன்ஹாங் 114' என்று இருந்தால், நீங்கள் வாசிப்பது பெட்சோல்டை.